எண்ணிக்கையை நம்பாதே

அன்புள்ள மாப்ளே,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் நலம். நீ கட்டும் விமானத்தின் இறக்கைக்குத் துணி ஒட்டி முடித்துவிட்டாய் என்று வாத்தியார் சொன்னார், ரொம்ப சந்தோஷம். கூடவே இன்னொன்றும் சொன்னார். ஃபிளாப்புக்கு, அதாவது மெதுவாகப் பறக்கும்போது தூக்கு விசையைக் கூட்ட இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகைக்கு, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் முள் எதுவும் வேண்டாமாம், ஸ்விட்சை அழுத்திக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள்வாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

நானும் எண்ணிக்கொண்டிருந்தவன்தான். தரையில் ஒன்பது எண்ணினால் முழு 40 டிகிரி. பறக்கும்போது அந்தக் கணக்கு செல்லாது. ஃபிளாப்பைக் கீழே இறக்கும்போது காற்று எதிர்த்துத் தள்ளும், மோட்டார் திணறும். ஏற்றும்போது அதே காற்று மோட்டாரோடு சேர்ந்து தள்ளும். போன மாதம் இறங்க வந்தபோது ரன்வேயில் ஒரு நாய். பவர் கொடுத்து எழும்பினேன். ஃபிளாப்பைப் பாதி ஏற்றுவதற்காக நாலு எண்ணினேன், பதற்றத்தில் எண்ணிக்கையும் இழுத்துவிட்டது. ஃபிளாப் முழுக்க ஏறிவிட்டது. விமானம் சட்டென்று அமிழ்ந்ததில் வயிறு தொண்டைக்கு வந்தது. வேலிக் கம்பத்தில் துரு இருந்தது கூடத் தெரிந்தது, மாப்ளே.

அன்றைக்கே முள் வைக்க உட்கார்ந்தேன். முதலில் பொட்டென்ஷியோமீட்டரும் (திருகத் திருக வோல்ட் மாறும் சாதனம்) அந்த வோல்ட்டைக் காட்டும் மீட்டரும் வைத்தேன். இன்ஜின் ஓடாதபோது 12 வோல்ட்டில் கோடு போட்டேன். இன்ஜின் ஓடினால் 14 வோல்ட், 20 டிகிரிக்கு முள் 23 காட்டியது. எப்போதும் ஒரே 5 வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர் போட்டதும் அது சரியாயிற்று. ஆனால் பொட்டென்ஷியோமீட்டரை மோட்டார் பக்கம் மாட்டியிருந்தேன். மோட்டாரையும் ஃபிளாப்பையும் இணைக்கும் ஒரு பின் நடுவில் உடைந்தால் மோட்டார் தனியாக ஓடும், முள்ளும் கூடவே ஓடும், ஃபிளாப் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கழற்றிவிட்டேன்.

இப்போது இருப்பது வெறும் பியானோ கம்பி. ஒரு முனை ஃபிளாப்பின் மேலேயே, கீல் அச்சிலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளி. 40 டிகிரிக்கு 41 மில்லிமீட்டர் நகர்கிறது. நைலான் குழாய்க்குள் பேனல் வரை வருகிறது. அங்கே அலுமினியத் தகட்டில் நீளமாக ஒரு வெட்டு, அதில் கம்பியின் சிவப்பு நுனி. குழாயை ஒரு சாணுக்கு ஒரு இடமாவது இறுக்கிப் பிடி, இல்லையென்றால் அது வளைந்தே பாதி நகர்வைத் தின்றுவிடும். கூர்மையான திருப்பம் கூடாது. ஃபிளாப் மேல் டிஜிட்டல் மட்டம் வைத்து 0, 10, 20, 40 என்று ஒவ்வொன்றாக அளந்து கோடு போடு. சம இடைவெளியில் வராது, வரவும் வேண்டாம். அப்புறம், கம்பியை ஃபிளாப்பில் போல்ட்டால் முடுக்காதே, சாதாரண கிளிப் போதும். குழாய்க்குள் கம்பி சிக்கினால் கிளிப்தான் விட்டுப்போக வேண்டும், ஃபிளாப் நின்றுவிடக் கூடாது. வாலில் திசை திருப்பும் ரட்டரின் கேபிள் பக்கமே அதைக் கொண்டுபோகாதே.

தனியாக நீ முயற்சி செய்ய வேண்டாம். பேனலிலிருந்து ஃபிளாப் வரை குழாய் போகும் வழியில் ஒரு நூலை ஓட்டி, நீளத்தை அளந்து எழுது. என்னிடம் கம்பி மீதி இருக்கிறது, வெட்டி எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். நான் வரும்வரை இறக்கையின் அடிப்பக்கத் துணியில் அந்த ஒரு மூடியை மட்டும் ஒட்டாமல் வை.

உன்
மாப்ளே