சேவ் மேல் கைவைத்த கதை

சத்துவாச்சாரி, வேலூர்
மே 18

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அக்னி நட்சத்திரம் தெரியுமே, மதியம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஃபேன் அனலைத்தான் வாரி இறைக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நான் மட்டும் சாயங்காலம் கோட்டை அகழியைச் சுற்றி வருகிறேன்.

பில்லிங் கிளாஸை, அதாவது பில் போடும் புரோகிராம் துண்டை, இன்ஹெரிட் பண்ணி, அதில் உள்ளதெல்லாம் அப்படியே வரும்படி புதுக் கிளாஸ்கள் எழுதலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் என் கதையைக் கேள்.

குடியாத்தத்தில் ஒரு லுங்கி மொத்தக் கடைக்கு, பைதானில் வெப் புரோகிராம் எழுத உதவும் ஜாங்கோவில் சரக்கு புரோகிராம் எழுதினேன். பில்லை டேட்டாபேஸில் வைக்கும் கிளாஸ்தான் பில் மாடல்; அதன் சேவ் மெத்தடை ஓவர்ரைடு பண்ணி, அதாவது அதில் என் வரிகளைப் போட்டு, பில் சேவ் ஆகும்போதே இருப்பு குறையும்படி வைத்தேன். நாலே வரி. பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் கிளைக் கடையின் பில்கள் எக்ஸலில் வர ஆரம்பித்தன. வேகத்துக்காக, எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றும் பல்க் கிரியேட் போட்டேன். அது சேவ் மெத்தடைக் கூப்பிடவே கூப்பிடாது, சேவ் நடப்பதை மற்ற இடங்களுக்குச் சொல்லும் சிக்னலும் அனுப்பாது. டாக்குமெண்டில் பளிச்சென்று எழுதியிருக்கிறது, படிக்காதவன் நான். பில்லெல்லாம் ஏறிவிட்டது, இருப்பு அசையவில்லை. கடைக்காரர் என்னைக் குடோனுக்கே கூட்டிப்போய், காலி அலமாரியைக் காட்டி, "உன் கம்ப்யூட்டர்ல 140 கட்டு இருக்குதே, எடுத்துக் குடு தம்பி" என்றார்.

எல்லாமே சேவ் வழியாகத்தான் போகும் என்பது நானாக நினைத்துக்கொண்டது. ஜாங்கோ அப்படி வாக்குக் கொடுக்கவே இல்லை. இப்போது இருப்புக் கணக்கு தனி கிளாஸ். பில் போடுகிற கிளாஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுகிறது. ஒரு பில்லோ ஆயிரம் பில்லோ, வாசல் ஒன்றுதான். டெஸ்டுக்கு ஒரு போலிக் கணக்கை மாட்டிவிட்டால் போதும், டேட்டாபேஸே வேண்டாம்.

இப்படி ஒரு கிளாஸ் இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்வதுதான் கம்போசிஷன். அதையே முதலில் பார் என்று 1994லேயே நாலு பேர் ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்தான். அதற்காக இன்ஹெரிட்டன்ஸ் என்றாலே ஓடவும் வேண்டாம். ஜாங்கோ மாடல் எழுத அந்த மாடல் கிளாஸிலிருந்துதான் வந்தாக வேண்டும். பக்கங்களுக்காக ஜாங்கோ தயாராகத் தரும் ஜெனரிக் வியூவில், எந்தப் பதிவுகளை எடுப்பது என்கிற கெட் குவெரிசெட், படிவம் சரியாக இருந்தால் என்ன செய்வது என்கிற ஃபார்ம் வேலிட் எல்லாம் நாம் மாற்றிக்கொள்ளவே விட்டிருக்கும் இடங்கள். அங்கே தாராளமாகக் கை வை. கூடுதல் வேலைக்காகச் சேர்த்துக்கொள்ளும் குட்டிக் கிளாஸான மிக்சினை மட்டும் அடுக்கிக்கொண்டே போகாதே. ஒருமுறை மூன்றாவதைச் சேர்த்துவிட்டு, எது முதலில் ஓடுகிறது என்று, பைதான் கிளாஸ்களைத் தேடும் வரிசையான எம்ஆர்ஓவைப் பிரிண்ட் பண்ணிப் பார்த்துக்கொண்டே ஒரு ராத்திரி போனது.

உன் விஷயத்தில் சில்லறை, மொத்தம், ஏற்றுமதி என்று மூன்று கிளாஸ் என்கிறாய். தீபாவளித் தள்ளுபடி உள்ளது, இல்லாதது என்று வந்தால் ஆறு. ஜிஎஸ்டி விதியும் ஆளுக்கு ஆள் மாறினால்? பில் ஒன்றே இருக்கட்டும். விலை, தள்ளுபடி, வரி மூன்றையும் தனித்தனியாக எழுதி அதனிடம் கொடுத்துவிடு. ஏற்றுமதிக்காரர் நாளைக்கே உள்ளூர்க் கடை திறந்தாலும் நீ கிளாஸ் மாற்ற வேண்டியதில்லை.

உன் புரோகிராமை அனுப்பு, பார்க்கிறேன். இல்லை, ஜூனில் நேரிலேயே வா. காட்பாடியில் இறங்கி போன் போடு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிக் காரக்குழம்பு வைக்கிறேன் என்கிறாள் அம்மா.

அன்புடன்,
முரளி