எத்தனை நாளுக்கு ஒரு கட்டுரை: நண்பனுக்கு ஒரு கடிதம்

மதுரை,
12.7.2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மனைவிக்குக் கண்புரை அறுவை முடிந்து நேற்றுத்தான் கட்டுப் பிரித்தார்கள். பார்வை நன்றாகத் தெளிந்திருக்கிறது. முதல் வேலையாக உன் கடிதத்தைத் தானே வாசித்துவிட்டு, "இவர் இவ்வளவு வருத்தப்பட வேண்டியதில்லையே, உடனே பதில் எழுதுங்கள்" என்றாள். ஆகவே வேறு செய்திகளை ஒதுக்கிவிட்டு, நீ கேட்ட ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, முப்பத்து மூன்று ஆண்டு கால்நடை மருத்துவத்தில் கண்டதையும் கற்றதையும் ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதி இணையத்தில் வெளியிடுவது என்று சித்திரையில் தொடங்கினாய். ஞாயிறுதோறும் ஒரு கட்டுரை என்று அறிவித்து, ஐந்து ஞாயிறும் தவறாமல் எழுதினாய். அந்த ஐந்தையும் நான் படித்தேன். கோமாரி நோயைப் பற்றிய கட்டுரையை எங்கள் தெருவில் பசு வைத்திருக்கும் ஒருவருக்கு வாசித்தும் காட்டினேன். ஆறாவது ஞாயிறு வரவில்லை. அதன்பின் இன்றுவரை எதுவும் வரவில்லை. "சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை, இனி எந்த முகத்தோடு எழுதுவது, இதோடு விட்டுவிடலாமா" என்று கேட்டிருக்கிறாய். விடக்கூடாது என்பதுதான் என் பதில். நீ தவறவிட்டது எழுத்தை அன்று. கணக்கு ஒன்றைத் தவறாகப் போட்டுவிட்டாய், அவ்வளவே. அதே கணக்கைத் தவறாகப் போட்டு நானும் பட்டிருக்கிறேன் என்பதால் இதைத் துணிந்து சொல்கிறேன்.

கண்மாய்களைப் பற்றி நான் எழுதத் தொடங்கியது 2022 ஜனவரியில். பள்ளிக்கூடத்து வேலை முடிந்துவிட்டது, நாள் முழுவதும் நம்முடையதுதானே என்ற நினைப்பில், வாரம் ஒரு கண்மாய் என்று முடிவு செய்தேன். முதல் ஆறு கட்டுரைகள் ஓட்டமாக வந்தன. அவை அந்த ஆறு வாரத்தில் விளைந்தவை அல்ல, பல ஆண்டுகளாக நோட்டுப் புத்தகங்களில் நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏழாவது வாரம் குறிப்பு தீர்ந்துபோனது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து, திருமங்கலம் பக்கத்துக் கண்மாய் ஒன்றைப் பற்றி, நேரில் போகாமல், எப்போதோ பார்த்த நினைவை வைத்து எழுதி வெளியிட்டேன். மடைகள் மூன்று என்று எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமில்லாமல், மெதுவாக, "சார், நாலு மடை. நாலாவது மடையிலதான் எங்க வயலுக்குத் தண்ணி வருது" என்றார். அந்த வாக்கியத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதரின் வயலுக்குப் போகும் தண்ணீரை நான் இல்லையென்று எழுதிவிட்டேன். திருத்தம் வெளியிட்டேன், ஆனால் அதன்பிறகு ஐந்து மாதம் எழுதவே கை வரவில்லை.

மறுபடி தொடங்குவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். அதையே நீயும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கட்டுரைக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நோட்டில் குறித்தேன். கண்மாய்க்குப் போய் வர ஆறு மணி, ஊரில் இருப்பவர்களிடம் உட்கார்ந்து கேட்க இரண்டு மாலைகளாக நான்கு மணி, எழுத ஐந்து மணி, மூன்று நாள் கிடப்பில் போட்டபின் எடுத்துத் திருத்த இரண்டு மணி, படமும் எழுத்துப்பிழையும் பார்க்க ஒரு மணி. ஆகப் பதினெட்டு மணி நேரம். பிறகு, ஒவ்வொரு வாரமும் நான் உண்மையாகவே மேசைமுன் உட்கார்ந்த நேரத்தையும் ஒரு மாதத்துக்குக் குறித்தேன். நல்ல வாரத்தில் பதினொரு மணி நேரம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்த வாரத்தில் ஐந்து மணி நேரம்தான். நல்ல வாரத்தை வைத்துத் திட்டம் போடத்தான் மனம் இழுத்தது; நான் காய்ச்சல் வாரத்தையே அளவாக எடுத்துக்கொண்டேன். ஐந்து ஐந்தாகச் சேர்த்தால் பதினெட்டுக்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது. அதனால்தான் மாதம் ஒன்று, இரண்டாம் சனிக்கிழமை என்று வைத்தேன். 2022 ஆகஸ்டு முதல் இன்றைய இரண்டாம் சனிவரை முப்பத்தாறு மாதங்கள். முப்பத்து நான்கு கட்டுரைகள் வந்திருக்கின்றன.

இந்த எண்ணத்தை எனக்குத் தந்தவர் ஒரு நீர்க்கட்டி. கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற பொறுப்பு எங்கள் பக்கத்தில் நீர்க்கட்டிக்கு உண்டு என்பது உனக்கும் தெரியும். கார்த்திகை முடிவில் ஒருநாள் அவரோடு கரைமேல் நின்றிருந்தேன். மடைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகளை அவர் குனிந்து எண்ணினார். எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கரையில் காத்திருந்தவர்களிடம், "இந்தத் தண்ணி பாதி ஆயக்கட்டுக்குத்தான் காணும். எல்லாரும் நட்டா, கதிர் வர்ற நேரத்துல எல்லாருக்கும் காயும்" என்றார். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பாதி நிலத்தில் மட்டும் நடவு செய்வதற்குச் சம்மதித்தார்கள். அன்று அவர் வானத்தைப் பார்க்கவில்லை, இனி மழை வரலாம் என்று யாருக்கும் ஆசை காட்டவும் இல்லை. இருக்கிற தண்ணீர் எத்தனை ஏக்கரைக் கதிர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை மட்டும் பார்த்தார். நீயும் நானும் தொடக்கத்தில் செய்தது, படியை எண்ணாமல் முழு ஆயக்கட்டுக்கும் நாற்றுப் பாவிய வேலை.

வாரம் ஒன்று எழுதாவிட்டால் வாசகர்கள் மறந்துவிடுவார்களே என்று நீ கவலைப்படுகிறாய். எனக்கு அந்தக் கவலை இப்போது இல்லை. மாதத்துக்கு ஒன்று வந்தாலும் வரும் நாள் தெரிந்திருந்தால் மனிதர்கள் காத்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று தெரியாத எழுத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். நம் சிற்றிதழ்களின் வரலாற்றிலும் இதற்குச் சான்று இருக்கிறது. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழை மாத இதழாகத் தொடங்கினார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நடத்தியபின், அதைக் காலாண்டிதழாக மாற்றிக்கொண்டு 1970 வரை கொண்டுசென்றார். கால இடைவெளியை நீட்டியதற்காக இன்று அவரை யாரும் குறை சொல்வதில்லை. 'காலச்சுவடு' 1988இல் தொடங்கப்பட்டபோதே காலாண்டிதழாகத்தான் வந்தது. தன் கைக்கு எட்டும் இடைவெளியைத் தேர்ந்துகொள்வதில் தாழ்வு எதுவும் இல்லை என்று சொல்வதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லண்டனில் 1711இல் அடிசனும் ஸ்டீலும் சேர்ந்து 'ஸ்பெக்டேட்டர்' என்ற கட்டுரை இதழை ஞாயிறு தவிர நாள்தோறும் வெளியிட்டார்கள். 1712 டிசம்பருக்குள் 555 இதழ்கள் வந்துவிட்டன. ஆனால் அங்கே சுமையைப் பங்கிட்டுக்கொள்ள இருவர் இருந்தார்கள், அவ்வப்போது எழுதிக் கொடுக்கும் நண்பர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பின் 1750இல் சாமுவேல் ஜான்சன் 'ராம்ப்ளர்' இதழை வாரம் இருமுறை, செவ்வாயும் சனியும், ஏறத்தாழத் தனி ஆளாகவே எழுதினார். இரண்டு ஆண்டில் 208 இதழ்கள் எழுதி முடித்துவிட்டு, கடைசி இதழில் அவர் மனம் திறந்து சொன்னதன் சாரம் இது: குறித்த நாளில் எழுதித் தீர வேண்டும் என்று தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டவன், சிதறிய கவனத்தோடும் கவலை நிறைந்த மனத்தோடும் நோயில் தளர்ந்த உடலோடும் பலமுறை எழுத உட்கார வேண்டியிருக்கும். அவ்வளவு பெரிய எழுத்தாளரே வாரம் இரண்டைத் தாங்க முடியாமல் இப்படிச் சொன்னார் என்றால், நள்ளிரவில் கன்று ஈனமுடியாமல் தவிக்கும் பசுவுக்காக இன்னமும் எழுந்து போகிற நீ வாரம் ஒன்றைத் தவறவிட்டதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

உன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதும் அதுதான். என் கண்மாய்க் கட்டுரை தையில் வந்தாலும் ஆனியில் வந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. உன் கட்டுரைகள் அப்படிப்பட்டவை அல்ல. துள்ளுமாரி நோயை எடுத்துக்கொள். மழை பெய்து புதுப்புல் தழைத்தபின், அதை வயிறு நிறைய மேய்ந்த கொழுத்த ஆடுகள்தான் முதலில் துள்ளி விழுந்து சாகின்றன என்று கல்லூரி நாட்களிலேயே நீ எனக்கு விளக்கியிருக்கிறாய். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டாக வேண்டும், அதன் பலன் உடலில் ஏற இரண்டு வாரமாவது பிடிக்கும் என்றும் சொல்வாய். அப்படியானால் அந்தக் கட்டுரை ஆவணியில் வர வேண்டும். ஐப்பசியில் அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டு வந்தாலும், கோவில்பட்டிப் பக்கத்துக் கிடை ஆட்டுக்காரருக்கு அதனால் ஒரு குட்டிகூடப் பிழைக்காது. கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சலும் இப்படித்தான்; கோடை வருமுன், மாசிக்குள் அதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆகவே வாரக்கணக்கை மறந்துவிடு. ஆடும் மாடும் கோழியும் எந்த மாதத்தில் எதற்கு ஆளாகின்றன என்று பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு தாளில் எழுது. அந்தப் பன்னிரண்டு வரிதான் உன் ஓராண்டுக்கான அட்டவணை. மாதத்துக்கு ஒன்று என்பது அதிலிருந்து தானாகவே வந்துவிடுகிறது, எழுத எதுவும் இல்லை என்ற நிலையும் வராது.

அந்தத் தாளை எழுதும்போதே உனக்கு ஒரு சங்கடம் புலப்படும். மழைக்காலத்தில்தான் உன்னைத் தேடி அதிகம் பேர் வருவார்கள். அப்போது எழுத நேரம் இருக்காது. ஆனால் வாசகருக்கும் உன் எழுத்து அப்போதுதான் அதிகம் தேவைப்படும். இதற்குக் கையிருப்பு ஒன்றே வழி. கண்மாய் மழையில் நிரம்பிக் கோடையில் செலவாகும். உன் கையிருப்பு கோடையில் நிரம்பி மழையில் செலவாக வேண்டும். நான் எப்போதும் மூன்று கட்டுரைகளை எழுதி முடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதில் ஒன்றை எடுத்து வெளியிட்டால், அடுத்த இரண்டாம் சனிக்குள் அந்த இடத்தை இன்னொன்றால் நிரப்புகிறேன். மனைவியின் அறுவைக்காக இந்த மாதம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் இன்று காலை கட்டுரை வெளிவந்தது, அது பங்குனியில் எழுதியது.

எழுதும் நாளும் வெளியிடும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். திருமங்கலத்து மடை என் கணக்கில் விடுபட்டதற்கு அது ஒன்றுதான் காரணம். நீ விடிகாலையில் எழுபவன். ஐந்திலிருந்து ஆறுவரை எழுது, வந்தவரை எழுது, எழுந்து போய்விடு. அன்று எழுதியதை அன்றே யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, ஒரு மருந்தின் அளவைச் சரிபார்க்கவும், சந்தேகம் வந்தால் உன்னோடு வேலை பார்த்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கவும் பொறுமை இருக்கும். நீ எழுதுவதை நம்பி ஒருவர் தன் ஆட்டுக்கு ஊசி போடப்போகிறார் என்பதை நினைத்தால், இந்தப் பொறுமை எவ்வளவு அவசியம் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தவறிப்போன ஞாயிறுகளை இப்போது சேர்த்து எழுதி ஈடுகட்ட முயலாதே. அது பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவதாகவே முடியும். நானும் இரண்டு மாதம் தவறினேன். ஒன்று அண்ணன் காலமான மாதம், மற்றொன்று நானே படுத்துவிட்ட மாதம். இரண்டு முறையும் "இம்மாதம் கட்டுரை இல்லை, அடுத்த இரண்டாம் சனியில் சந்திப்போம்" என்று ஒரு வரி மட்டும் போட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, நலம் கேட்டுத்தான் எழுதினார்கள். நீயும் நீண்ட விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். இனி மாதம் ஒரு கட்டுரை, இந்த நாளில் வரும் என்று மட்டும் அறிவித்துவிடு. ஆனால் கையில் மூன்று சேர்ந்தபின் அறிவி. ஆடி முழுவதும் உனக்கு இருக்கிறது.

துள்ளுமாரிக் கட்டுரையை முதலில் எழுதி எனக்கு அனுப்பு. நோயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதால், ஆட்டுக்காரருக்கு எங்கே புரியாமல் போகும் என்று என்னால் சொல்ல முடியும்; சந்தி ஒற்றுகளையும் பார்த்துத் திருத்தி நான்கு நாளில் திருப்பி அனுப்புகிறேன். பன்னிரண்டு மாதத் தாளின் படி ஒன்றையும் உடன் வை, அதை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்