முதலை வந்தது ஓசைக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் 'சீ யூ லேட்டர், அலிகேட்டர்' என்ற தொடரை 'பிறகு சந்திப்போம், முதலையே' என்று பெயர்த்து, எதிரில் இருப்பவரைக் கேலி செய்வது என்றும் எழுதியிருந்தீர்கள். இது பிள்ளைகளைக் குழப்பிவிடும். அதில் கேலி துளியும் இல்லை. 'லேட்டர்' என்பதோடு இயைபு சேர்வதால்தான் அலிகேட்டர் வந்து ஒட்டிக்கொண்டது. பொருள், 'சரி, அப்புறம் பார்க்கலாம்' அவ்வளவுதான்.

இதற்குரிய பதிலை விட்டுவிட்டீர்களே! 'இன் எ வைல், குரோக்கடைல்', அதாவது 'கொஞ்ச நேரத்தில், முதலையே'; இங்கும் ஓசைக்காகவே முதலை. ஒருவர் தொடங்க, மற்றவர் சட்டென்று முடித்துவைப்பதில்தான் இதன் சுகமே இருக்கிறது. இளைஞர் பேச்சில் ஏற்கெனவே புழங்கிய தொடர் இது. 1956இல் அமெரிக்க ராக் இசைப் பாடகர் பில் ஹேலி குழுவினரின் பாட்டால் பட்டிதொட்டியெங்கும் பரவியது.

என் வகுப்பில் நான் சொல்வது இதுதான்: தோழர்களிடமும் சின்னப் பிள்ளைகளிடமும் தாராளமாகச் சொல்லுங்கள். நேர்காணல் முடிந்து எழும்போதோ, துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்பும்போதோ வேண்டவே வேண்டாம். இன்று கொஞ்சம் பழைய வாடை அடிக்கும், ஆனாலும் பாசமாகவே ஒலிக்கும்.

இனி இத்தகைய தொடர்களை வெளியிடும்போது, யார் யாரிடம் எப்போது சொல்வார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்