யுத்தம் கரையோடு நின்றதாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரர் இலங்கை மேல் நடத்திய ஏப்ரல் குண்டுவீச்சின் நினைவாகச் சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொழும்புத் துறைமுகம், திருகோணமலை, மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் எல்லாம் இருந்தன. 1942 ஏப்ரல் 5, 9 என்ற திகதிகளும் சரி. பிறகு ஒரு வரி: அந்த யுத்தம் கரையோரத்தோடு நின்றுவிட்டதாம், வன்னிக் காடு அதை அறியவே இல்லையாம். எழுதியவர் வவுனியாவை ரயில் யன்னலுக்குள்ளால் மட்டும் பார்த்தவராக இருக்கும். ஆனால் தாங்கள் அந்த வரியை எப்படி விட்டீர்கள்?

தாங்கள் அறியாததல்ல. வவுனியாவில் பிரித்தானிய விமானப்படைக்கு ஒரு தளம் இருந்தது. 22 ஆம், 217 ஆம் ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் படைப்பிரிவுகள், போபோர்ட் விமானங்களோடு இங்கே நின்றன. ஜப்பான் கப்பல் திரும்பவும் வந்தால் டோர்பிடோ போட அனுப்புவதற்கென்று வைத்திருந்த விமானங்கள் அவை. அதே 22 ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த கெனத் கம்பெல் 1941 ஏப்ரலில் பிரெஸ்ட் துறைமுகத்தில் ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கி இறந்து, பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்றவர். அவ்வளவு பெயரெடுத்த படை எங்கள் காட்டுக்குள் கிடந்திருக்கிறது. காடு அறியவில்லையாம்!

என் அப்பு அங்கே கூலிக்கு நின்றவர். பற்றை வெட்டினார், கிரவல் சுமந்தார், பிறகு பெற்றோல் பீப்பா உருட்டினார். தோல் துண்டை வடியாக வைத்து, தண்ணியும் தூசியும் போகாமல் பார்த்துப் பார்த்துத்தான் பெற்றோலை ஊற்றுவார்களாம். மத்தியான வெயிலில் இறக்கைத் தகட்டில் கை பட்டால் தோல் உரியும் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். தழும்பு கடைசிவரை இருந்தது. மலேரியாக் குளிசை தின்று வெள்ளைக்காரப் பொடியளின் முகமெல்லாம் மஞ்சள் பூத்திருந்ததாம். எங்கள் ஆட்களுக்கு அந்தக் குளிசையும் இல்லை. குலைப்பன் பிடித்தால் பாயில் கிடந்து எழும்பவேண்டியதுதான், எழும்பாதவர்களும் உண்டு. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தங்கள் கட்டுரையாளர் கேட்பார். அந்தக் கையில் சோறு வாங்கித் தின்றவன் நான், எனக்கு அது போதும்.

பறந்து போய்த் திரும்பாத பொடியளை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருபது வயது கடந்தும் கடக்காததுமாய் வந்த பிள்ளைகள், அவர்களையும் பெற்ற தாய்மார் இருந்திருப்பார்கள். திருகோணமலையில் நிலாவெளி வீதியோரம் அவர்களைப் போன்றவர்களுக்குக் கல்லும் உண்டு, புல்லு வெட்ட ஆளும் உண்டு. நல்லது. ஆனால் விமானம் தானாக எழும்புவதில்லை. திருகு முடுக்கியவன், டோர்பிடோவைத் தள்ளு வண்டியில் ஏற்றியவன், ஓடுபாதையில் மாடு ஏறாமல் விரட்டியவன் இவர்களுக்கு எங்கே கல்?

வன்னிக்குக் கல்லும் ராசியில்லைப் போலும். வெள்ளைக்காரரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன் பண்டாரவன்னியனுக்குக் கற்சிலைமடுவில் இருந்த பழைய கல்லையே எடுங்கள். 1803 ஒக்டோபர் 31 இல் அவனைத் தோற்கடித்ததாக, பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க்கின் பெருமையைச் சொன்ன கல் அது. எங்கள் வீரனைப் பற்றி வெட்டிய முதற் கல்லையும் அடித்தவன் பக்கத்துக் கதையாகத்தான் வாசித்தோம். பிறகு வந்த யுத்தத்தைப் பற்றி நான் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சொந்தப் பிள்ளைக்கு விளக்குக் கொளுத்தவும் யாரோ வந்து பெயர் எழுதிக்கொண்டு போன ஊர் இது. இந்த நிலையில் எழுபது எண்பது வருடத்துக்கு முந்திய கூலிக்காரனை யார் நினைக்கப்போகிறார்கள்? சரி, நினைக்க வேண்டாம். இருக்கவே இல்லை என்று அச்சடிக்காமல் இருந்தால் போதும்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். தங்கள் பத்திரிகைக்கு வன்னி என்றால் வெள்ளம், யானை, அல்லது அமைச்சர் வருகை. குளம் உடைத்தால் படம் வரும், குளம் கட்டினால் வராது. முன்பு ரயில் கடவை பற்றி நான் எழுதிய நீண்ட கடிதம் நாலு வரியாகச் சுருங்கி வந்தது, அதிலும் ஊரின் பெயர் பிழை. அப்போது பேசாமல் இருந்தேன். பென்ஷன்காரனுக்கு என்ன கோபம் என்று கேட்பார்கள்.

கேட்பது பெரிதில்லை. அடுத்த ஞாயிறு அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதன் கீழே, வவுனியாத் தளத்தில் வேலை செய்தவர்களின் படமோ, சம்பளத் துண்டோ, பெற்றோல் தகரமோ வீட்டில் கிடந்தால் அறிவிக்கும்படி ஒரு சிறு பெட்டிச் செய்தி. பெயர்கள் சேர்ந்தால் வவுனியா ரயில் நிலையச் சுவரில் ஒரு பலகை வைக்கலாம், வெள்ளைக்காரப் பொடியளின் பெயரும் கூலிக்காரரின் பெயரும் ஒரே அளவு எழுத்தில். பழைய தளம் இன்று முகாம், அங்கே போய்ப் பார்க்க எங்களுக்கு வழியில்லை. ரயில் நிலையத்துக்கு அனுமதி தேவையில்லை, இதுவரைக்கும்.

இந்தக் கடிதத்தையும் சுருக்குவதென்றால் பென்ஷனை வெட்டுங்கள், ரயில் கடவையை வெட்டுங்கள். ஸ்குவாட்ரன் இலக்கங்களில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வவுனியா.