பாலஸ்தீனப் பண்பாட்டு அருங்காட்சியகப் பணி: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் அருங்காட்சியகத்தின் கதவு எப்போது திறக்கும் என்பதுதான் சென்ற பொதுக்குழுவில் அதிகம் எழுந்த கேள்வி. அறை இருக்கிறது, பொருள்களும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் இந்த ஆண்டு திறக்கவில்லை. மேற்குக் கரையின் பீர்சேத்தில் உள்ள பாலஸ்தீன அருங்காட்சியகம் 2016 மே மாதம் திறக்கப்பட்டபோது உள்ளே காட்சிப்பொருள் எதுவும் இல்லை. அந்தக் கட்டடத்தில் முதல் கண்காட்சி நடக்க 2017 ஆனது. அவ்வளவு பெரிய நிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டது. ஒற்றை அறை வைத்திருக்கும் நமக்குக் கட்டுப்படியாகாது.

வந்தவற்றில் அதிகம் பெண்களின் தோப் அங்கிகள். பெரும்பாலும் 'பாட்டியுடையது' என்ற ஒரே தகவலோடு வருகின்றன. ஊர் தெரியாத தோப் வெறும் அழகான துணிதான். அதனால் பதிவேட்டில் ஊர், உடுத்தியவர், கைமாறிய வழி மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறோம். கொடுத்தவருக்கே ஊர் தெரியாவிட்டால் துணியைத்தான் கேட்க வேண்டும். வெள்ளை லினனில் சிவப்புத் தையல் என்றால் ரமல்லா பக்கம். மார்புப் பட்டியில் பட்டுக் கயிறும் ஜரிகையும் படியவைத்துத் தைத்திருந்தால் பெத்லகேம் வேலை. ஆனால் பெத்லகேம் பட்டியை வேறு ஊர்க்காரர்களும் வாங்கித் தங்கள் அங்கியில் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். பட்டியை மட்டும் பார்த்து ஊரை எழுதிவிடக் கூடாது. 1930களில் டி.எம்.சி. என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பருத்தி நூலும் ஐரோப்பிய மாதிரிப் புத்தகங்களும் பரவியபின் ரோஜாவும் பறவையும் பல ஊர்த் துணிகளில் ஏறிவிட்டன. பாலஸ்தீனர்கள் ஊரிழந்து அகதிகளான 1948 நக்பாவுக்குப் பிறகு முகாம்களில் பல ஊர்ப் பெண்கள் அருகருகே வாழ்ந்து தைத்ததால் அடையாளம் இன்னும் கலந்துபோனது. ஐயம் உள்ள இடத்தில் பென்சிலில் 'கருதப்படுகிறது' என்று எழுதுகிறோம்.

தோப்பை ஹேங்கரில் மாட்டக் கூடாது. கைவேலை கனமானது, தோள் தையல் கிழியும். அமிலமற்ற டிஷ்யூ தாளைச் சுருட்டி ஒவ்வொரு மடிப்பிலும் வைத்துப் பெட்டியில் கிடத்துகிறோம். துவைப்பது அறவே இல்லை. சிவப்புச் சாயம் வெள்ளை லினனில் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. அந்துப்பூச்சி இருந்தால் அந்துருண்டை போடாமல், காற்றுப் புகாத பாலிதீன் பையில் மூடி மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறையவைக்கிறோம். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் துணிமேல் நீர் கோக்கும். பெத்லகேமில் மணமான பெண்கள் அணிந்த, நாணயமும் பவளமும் கோத்த ஷத்வே தொப்பிக்கு இந்த வழி வேண்டாம் என்று முடிவு செய்தோம். காட்சியில் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது, ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதனால்தான் தெருவைப் பார்த்த ஜன்னலை அடைத்தோம். 'கடை மாதிரி வெளியே தெரியட்டும்' என்ற யோசனையை ஏற்க முடியவில்லை.

இரவலாக வந்த ஓக் மர அலமாரி நமது பெரிய பிழை. பெத்லகேம் முத்துச்சிப்பி வேலைப்பாட்டை அதில் வைத்துப் பூட்டினோம். ஓக் விடும் அமில ஆவி பட்டு, சிப்பியின் மேல் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. மரத்தூளை ஒட்டி அழுத்திய எம்.டி.எஃப். பலகையும் இதையே செய்யும். இப்போதைக்குப் பொருள்கள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன.

1948இல் விட்டுவந்த வீடுகளின் சாவிகளைக் கொடுப்பவர்கள் மரியாதைக்காக மெருகேற்றிக் கொண்டுவருகிறார்கள். கைபட்டுக் கறுத்த அந்த மேற்பரப்புதான் சாவியின் வரலாறு, வந்தபடியே தாருங்கள். ரேஷன் அட்டை, நிலப் பத்திரம், புகைப்படம் எதையும் லாமினேட் செய்யாதீர்கள். ஏற்கெனவே செய்ததைப் பிரிக்க முயலாமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

குரல் பதிவுகளை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, இரண்டு பிரதிகளை இரண்டு வேறு கட்டடங்களில் வைக்கிறோம். தொடங்குமுன் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்துங்கள். பேசுபவர் ஜெபமாலை உருட்டும் ஓசை இருந்துவிட்டுப் போகட்டும். மாலையை வாங்கிவைத்தால் பேச்சும் நின்றுவிடும். ஒப்புதல் படிவத்தில் அறையில் ஒலிக்க, இணையத்தில் ஏற்ற, பெயரைச் சொல்ல என மூன்று அனுமதிகளும் தனித்தனியே கேட்கப்படும். காஸாவிலோ மேற்குக் கரையிலோ உறவினர் இருப்பவர்கள் முதலாவதற்கு மட்டும் சம்மதிக்கலாம். ஒரே கையெழுத்தில் மூன்றையும் வாங்குவது தவறு.

காலவரிசைப் பலகையின் முதல் வரைவு 1948இல் தொடங்கியது. துருக்கிய உதுமானியர் ஆட்சியிலேயே பெத்லகேம், பெய்த் ஜாலா ஊர்களிலிருந்து சிலிக்குப் போனவர்கள் அதில் இல்லாமல் போனார்கள். துருக்கிப் பயண ஆவணத்தோடு போனதால் அங்கே 'துர்க்கோ' (துருக்கியர்) என்று அழைக்கப்பட்டவர்கள் அவர்கள். 1920இல் தொடங்கிய, சிலித் தலைநகர் சாந்தியாகோவின் பாலஸ்தீனோ கால்பந்துக் கழகம் அச்சமூகத்தினுடையது. பலகை திருத்தி எழுதப்படுகிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதன்பின் இரண்டு தீர்மானங்களை ஒப்புதலுக்கு வைக்கிறேன்: பவுடர் கோட்டிங் பூச்சு இட்ட இரும்பு அலமாரி இரண்டு வாங்குவது, நன்கொடைப் பத்திரம் இல்லாமல் எப்பொருளையும் காட்சிக்கு எடுப்பதில்லை என்பது. வாய்வார்த்தையாகப் பெற்ற பொருள்களுக்கும் இரண்டாவது தீர்மானம் பொருந்தும். கொடுத்தவர்கள் கூட்டம் முடிந்து போகுமுன் பதிவு மேசையில் கையெழுத்திடக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்