லேகியம் வரவில்லை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. இங்கே சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் நலம்.

பிரசவ மருந்துச் சாமான் வாங்கக் கடைத்தெரு நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். பெரியவர் காலமாகிவிட்டார், இப்போது மகன்தான் கல்லாவில். சுவர் முழுக்க அதே தகர டப்பாக்கள். ஒன்றிலும் பெயர்ச்சீட்டு கிடையாது, ஆனால் கை தடுமாறுவதில்லை. "சுகப்பிரசவமா, ஆபரேஷனா? வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா?" என்று விசாரித்த பிறகுதான் தராசைத் தொட்டார். சுக்கு, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம் என்று ஒவ்வொன்றாக நிறுத்துக் காகிதத்தில் மடித்து, உத்தரத்தில் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்துச் சுற்றிப் பட்டென்று அறுத்தார். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் உரை மருந்துக்கு வசம்பும் கேட்டேன். "ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். கேட்டுக்கொண்டு வாருங்கள், தருகிறேன்" என்று சொல்லிவிட்டார். வருகிற வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரை வேறெங்கே பார்ப்பது?

2020இல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீர் வாங்க அந்த வாசலில் தெருக்கோடி வரை வரிசை நின்றது. அதன் 15 சரக்குகளும் இன்று பொடியாகிப் பாக்கெட்டில் எல்லா மளிகைக் கடையிலும் தொங்குகின்றன. பாக்கெட்டைக் குறை சொல்லவில்லை. வாங்குபவருக்கு என்ன நோய், வேறு என்ன மாத்திரை என்று அது கேட்காது, அவ்வளவுதான். அதற்காக எல்லா நாட்டு மருந்துக் கடைக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளை வைத்தியர் சீட்டில்லாமல் கேட்டவுடன் எடுத்து நீட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

நீ கேட்ட தீபாவளி லேகியம் இந்தப் பார்சலில் இல்லை. உன் பெயரைச் சொன்னதுமே, "அவருக்குச் சர்க்கரை உண்டே, அப்பா காலத்திலேயே ஆவாரம்பூ வாங்கிப் போவாரே" என்றார் மகன். லேகியத்தில் பாதி வெல்லம்தானாம். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகச் சூரணம் மட்டும் கட்டிக் கொடுத்தார். அதையும் உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொன்னார். உனக்குக் கோபம் இருந்தால் அவருக்கே எழுது, என்னைத் திட்டாதே.

அன்புடன்,
மூர்த்தி