விலங்கு பராமரிப்போருக்கு முறையான பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில், தெருவில் அடிபட்ட நாய்களையும் தாயை இழந்த குட்டிகளையும் தங்கள் வீட்டு வளவில் வைத்துப் பராமரிப்போரைக் காணும்போது மனம் நிறைகிறது. ஆனால் அவர்களில் பலர் முறையான பயிற்சி பெறாதவர்கள் என்பதே என் கவலை.

கண் திறக்காத குட்டியை மல்லாக்கப் பிடித்துப் பசும்பால் புகட்டுகிறார்கள். பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம், வயிற்றுப்போக்கும் காணலாம். உடல் சில்லிட்ட குட்டியை முதலில் கதகதப்பாக்கிய பிறகே, குப்புறக் கிடத்தி, நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். நாய்க்குட்டிகளுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் பல மாதங்கள் தங்கக்கூடியது என்பதால், புதிதாக வந்த குட்டியைத் தனியே வைப்பது மிக அவசியம். கடிபட்டால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் காரைக்குடி மாநகராட்சியும் இணைந்து, வேலைக்குச் செல்வோரும் கலந்துகொள்ளும்படி ஞாயிற்றுக்கிழமைகளில் செய்முறைப் பயிற்சி நடத்திச் சான்றிதழ் வழங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி